அடுத்தவருக்கான அதிகாரங்கள்

ஆதியாகமம் 26

ஈசாக்கைப் பற்றி யாரும் அதிகம் பிரசங்கிப்பதில்லை. பேர்போன அப்பாவுக்கும் தந்திரக்கார மகனுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட மனிதர். அவருக்கென்று இருப்பது ஏறத்தாழ இந்த ஓர் அதிகாரம். அதிலும் பாதிக்குக் கிணற்றுக் கதை. ஆபிரகாம் வெட்டியவற்றைப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். மகன் மறுபடி தோண்டுகிறார். கேரார் பள்ளத்தாக்கில் புதிதாக ஒன்று வெட்டினால் தண்ணீர் எங்களுடையது என்று உள்ளூர் மேய்ப்பர்கள் வந்து நிற்கிறார்கள். விட்டுக்கொடுத்துவிட்டு இன்னொன்று வெட்டுகிறார். அதற்கும் தகராறு. மூன்றாவதுக்குத்தான் யாரும் வரவில்லை.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதில் விளக்கவுரை தேவைப்படாது. நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆயிரம் அடி இறக்கியும் புகையாகப் போன காடுகள் இங்கே ஏராளம். கூட்டுக் கிணற்றில் யாருக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடலாம் என்று அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்கு அலைவதும் புதிதில்லை.

மூன்றாவது கிணற்றுக்கு ரெகொபோத் என்று பெயர். வீட்டு வாசல்களிலும் சபைப் பலகைகளிலும் நிறையப் பார்க்கலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் அடிக்கடி வரும். முதல் இரண்டு கிணறுகளின் பெயரை யாரும் வீட்டுக்கு வைத்து நான் பார்த்ததில்லை. விட்டுக்கொடுத்த கிணறுகள் அட்டையில் ஏறுவதில்லை.

அதே அதிகாரம், மறுநாள்

கிணறு மனதை விட்டுப் போகவில்லை. ஜெஸ்ஸி பிராண்ட் நினைவுக்கு வந்தார். 1907இல் இங்கிலாந்திலிருந்து சேந்தமங்கலத்துக்கு வந்த மிஷனரி. 1913இல் எவலினை மணந்துகொண்டு கொல்லிமலை மேலே வாழவந்தியில் குடியேறினார். மலைமக்களின் கால்களில் நரம்புச் சிலந்திப் புழு. அதை அப்பா எப்படி வெளியே எடுப்பார் என்று மகன் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். புழுவை இழுத்தால் அறுந்துபோகும். குச்சியில் சுற்றிக்கொண்டு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும்.

அந்த நோயே கிணற்று நோய்தான். புழு இருக்கும் காலோடு ஒருத்தி படியிறங்கித் தண்ணீரில் நிற்கிறாள். புழு தன் குஞ்சுகளை அங்கே விடுகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம். மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரில் கால் படாமல் பார்த்துக்கொண்டு, வடிகட்டிக் குடித்தால் போதும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தூர்ந்த கிணற்றைத் திறப்பது ஒரு வேலையென்றால், திறந்த கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது இன்னொரு வேலை. ஆதியாகமம் முதல் வேலையோடு நின்றுவிடுகிறது.

லேவியராகமம் 13

ஜனவரியில் வேதாகமத்தை உற்சாகமாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் கழன்றுகொள்ளும் இடம். ஐம்பத்தொன்பது வசனங்கள்: தடிப்பு, வெண்படை, மயிரின் நிறம், ஏழு நாள் அடைத்து வைத்தல், மறுபடி பார்த்தல். போதாக்குறைக்குத் துணியில் வரும் தோஷம் வேறு. அடுத்த அதிகாரத்தில் வீட்டுச் சுவருக்கும் வருகிறது. வேதாகமம் சொல்லும் இந்த நோய் இன்று நாம் தொழுநோய் என்று சொல்வது மட்டுமல்ல என்று அறிஞர்கள் சொல்வது இதைப் படித்தாலே புரியும்.

இதில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. என் தோல் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இந்த அதிகாரம் யாருக்கு? பாளையத்துக்கு வெளியே, கிழிந்த உடுப்போடு, தன்னைத் தீட்டு என்று தானே கூவிக்கொண்டு இருக்க வேண்டிய ஆளுக்கு. நான் அவனை இதற்கு முன் நினைத்ததில்லை என்பதுதான் இந்த ஐம்பத்தொன்பது வசனங்களும் காட்டுவது.

பால் பிராண்ட் சிறுவனாக இருந்தபோது மலைவீட்டுக்குத் தொழுநோயாளிகள் சிலர் ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் வெறுங்கையால் வைத்தியம் செய்கிற அப்பா அன்றைக்குக் கையுறை போட்டுக்கொண்டார். கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கையுறையில் லேவியராகமத்தின் பயம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் கழுவினாரே, அது லேவியராகமத்தில் இல்லை. தள்ளி நின்ற பையன் வளர்ந்து, 1940களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைசிகிச்சையைத் தொடங்கினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதை நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும்பங்கு. ஆசாரியன் பார்க்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும் என்று பதின்மூன்றாம் அதிகாரம் அலுக்காமல் சொல்கிறது. பால் பிராண்ட் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

1 நாளாகமம் 1 முதல் 9 வரை

பெயர்கள், பெயர்கள். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம், புதியதில் 260. ஆக 1189. வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருடத்துக்குள் முடிந்துவிடும் என்பது நம் பெரியவர்கள் சொல்லும் கணக்கு. 1842இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் மக்சேன் என்ற இளம் போதகர் தன் சபைக்கு ஓர் அட்டவணை போட்டுக்கொடுத்தார். தினம் நான்கு அதிகாரம். உலகம் முழுக்க இன்னும் அதைப் பின்பற்றுகிறார்கள். அட்டவணையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். இன்றைக்கு எதைப் படிப்பது என்று அது என்னைக் கேட்பதில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வரும் வசனம் எப்போதும் என்னைப் பற்றியே பேசும். நாளாகமம் ஒன்பது அதிகாரத்துக்கு என்னைக் கண்டுகொள்வதே இல்லை.

மல்கியா 3

வெள்ளியைப் புடமிடுகிறவரைப் போல ஆண்டவர் உட்காருவார் என்று வருகிறது. இதற்குச் சேலத்தில் ஒரு பிரசங்கக் கதை தப்பாமல் வரும்: உருகும் வெள்ளியில் தட்டான் தன் முகத்தைப் பார்க்கிறவரை காய்ச்சுவானாம், முகம் தெரிந்தால் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமாம். மல்கியாவில் அப்படி எதுவும் இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். பழைய கொலுசுகளை மூசையில் போட்டு, வெங்காரம் தூவிக்கொண்டே சிரித்தார். “ஏனுங்க, இந்த அனல்ல மூஞ்சி பாக்கறதுக்கு நேரமிருக்குதுங்களா? கண்ணு அதுமேலயே இருக்கோணும்.”

தீர்க்கதரிசி சொன்னதும் உட்கார்ந்திருப்பதைத்தான். எழுந்து போகாமல், கண்ணை எடுக்காமல். அந்த வேலை எதற்கு என்று ஐந்தாம் வசனத்தில் வருகிறது: கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசியின் வழக்கைப் புரட்டுகிறவர்கள். பிரசங்கம் அந்த வசனம்வரை போனதே இல்லை.

யாக்கோபு 1

இங்கேயும் ஒரு கண்ணாடி. ஒருவன் தன் முகத்தைப் பார்க்கிறான், அப்பால் போனதும் மறந்துவிடுகிறான். மறந்ததற்காக அவனைத் திட்டிவிட்டு எல்லோரும் ஜெபத்துக்குப் போய்விடுகிறோம். யாக்கோபு அங்கே நிற்கவில்லை. அதிகாரம் முடிவதற்குள் திக்கற்ற பிள்ளைகளிடமும் விதவைகளிடமும் போய்விடுகிறார்.

1929இல் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். எவலின் ஊழியத்தைத் தொடர்ந்தார். எழுபதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் மறுபடி மலையேறிவிட்டார், இந்த முறை மிஷனின் பெயரில் இல்லாமல். 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை மலைதான். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம். கடைசி இருபது ஆண்டுகள் அம்மா வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று பால் எழுதியிருக்கிறார். வேதாகமம் மட்டும் இருந்தது. அந்த அம்மாள் இந்த அதிகாரத்தை எத்தனை முறை படித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு இரண்டாம் அதிகாரம். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தல் போட்டவருக்கு அங்கே நில். எங்கள் கோயிலில் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவற்றில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.