இரவல் விலாசம்



கணக்குப் பேரேடு எழுதிப் பழகிய கை இது. கட்டுரை எழுதிப் பழகியதன்று. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆயினும் சில மாதங்களாக என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க வேண்டுமென்று தோன்றிற்று. பிள்ளை குட்டிகளோடு வீடு மாறுகிற வியாபாரி எவரும் இதைத் தாண்டித்தான் வருகிறார். ஆனால் நாம் அதைப் பற்றிப் பேசும்போது, ஏதோ சாமர்த்தியத்தைப் பேசுவது போல ஒரு சிரிப்போடு பேசி முடித்துவிடுகிறோம். பிள்ளையின் இடைநிலைப் பள்ளியை உத்தேசித்து எந்த வட்டாரத்தில் குடியேறுவது, அதற்காக ஒரு தகப்பன் எதுவரை போகலாம் என்பதே அவ்விஷயம்.

ஜார்ஜ் டவுனில் கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழ்ந்த காலம் நம்மில் பலருக்கு முன்னமே முடிந்துவிட்டது. வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பல குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008 இல் நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பழைய கடைவீடுகள் ஹோட்டல்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறலாயின. என் வாப்பா இரண்டு வெள்ளத்தையும் எப்படியோ தப்பிவிட்டார். என் முறை இப்போது வந்தது. வீட்டுக்காரர் மேல்மாடியைப் பயணிகள் தங்கும் அறைகளாக்கப் போகிறாராம். கீழ்க்கடையை மட்டும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எனக்கே விட்டார். அவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை, அவரும் வியாபாரிதானே.

ஆகவே கடை இருக்கிறது, வீடு இல்லை. வயதான உம்மா, மனைவி, ஆறாம் ஆண்டு முடிக்கும் மகன், நான்காம் ஆண்டில் ஒரு மகள். எங்கே போவது?

இந்தச் செய்தி வெளியான வாரமே என் மச்சான் கடைக்கு வந்தார். அவர் வீடு பெயர் பெற்ற ஓர் இடைநிலைப் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ளது. "என் வீட்டு கரண்டு பில்லைத் தர்றேன் மச்சான். அந்த விலாசத்தைப் போட்டுக்கங்க. பிள்ளை நல்ல பள்ளிக்குப் போகட்டும், நீங்க எங்கே வேணும்னாலும் குடியிருந்துக்கங்க" என்றார். அன்பினால் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தங்கும் விடுதிப் பள்ளிகளின் கதை வேறு. சாதாரண இடைநிலைப் பள்ளிகளில் படிவம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கும்போது பெரும்பாலும் வீட்டின் அருகாமையே கணக்கு. ஆதலால் விலாசம் என்பது இங்கே வெறும் விலாசமன்று. அது ஒரு நாற்காலிக்குரிய சீட்டு.

உண்மையைச் சொல்வதானால், நான் உடனே மறுக்கவில்லை. "பார்க்கலாம்" என்றேன். அந்தப் 'பார்க்கலாம்' ஒரு மாதம் நீடித்தது. அந்த ஒரு மாதமும் தெரிந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டேன். ஒருவர், "நாம் எந்த மனிதனையும் ஏமாற்றவில்லையே, இலாகாவைத்தானே" என்றார். இன்னொருவர், பிள்ளைக்காகச் சொல்வது பொய்யில் சேராது என்றார். மற்றொருவர், எல்லாரும் செய்கிறபோது நீ ஒருவன் செய்யாவிட்டால் உன் பிள்ளைதான் கெட்டான் என்றார். இம்மூவரும் சரக்கில் ஒரு பிடி குறைத்து நிறுத்துக் கொடுத்தறியாதவர்கள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். அதுவே என்னை யோசிக்க வைத்தது. தராசில் இவ்வளவு பயம் உள்ளவர்களுக்கு விண்ணப்பப் படிவத்தில் ஏன் அந்தப் பயம் வரவில்லை?

எனக்குத் தோன்றிய காரணம் இது. நூறு கிராம் சீரகத்தை நான் குறைத்து நிறுத்தால், அந்த நூறு கிராம் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாள் எதிரிலேயே பையோடு நிற்கிறார். என் கையை அவர் கண் பார்க்கிறது. பள்ளி விஷயத்தில் அப்படி ஒருவரும் எதிரில் நிற்பதில்லை. வகுப்பில் இடம் இவ்வளவு என்று ஓர் எல்லை உண்டு. இரவல் விலாசத்தால் என் மகன் உள்ளே போனால், உண்மையாகவே அந்தத் தெருவில் வசிக்கும் ஒரு பிள்ளை வெளியே போக வேண்டும். அந்தப் பிள்ளை சீனரோ, மலாய்க்காரரோ, நம்மவரோ, எனக்குத் தெரியாது. அதன் தகப்பனுக்கும், தன் பிள்ளை தினம் இரண்டு பஸ் மாறித் தூரத்துப் பள்ளிக்குப் போவதற்கு நானே காரணம் என்பது தெரியப் போவதில்லை. கடன் என்றால் கடன் கொடுத்தவன் வந்து கேட்பான். தவறினால் போய் மாப்புக் கேட்கலாம். இந்தக் கடனுக்குக் கேட்கவும் ஆள் இல்லை, மாப்புக் கொடுக்கவும் ஆள் இல்லை. பிறருடைய ஹக்கு என்று நாம் சிறு வயதில் ஓதியது, முகம் தெரிந்தவருடைய ஹக்கு மட்டுந்தானா?

மற்றொன்றும் உண்டு, அது இதைவிடச் சிறியது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுப் பள்ளியில் ஆசிரியை முதல் நாள் கேட்கும் கேள்வி, "உன் வீடு எங்கே?" என்பதாக இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதற்கு மாமா வீட்டுத் தெருவின் பெயரைச் சொல்ல வேண்டும். கூடப் படிக்கிறவன் "உன் வீட்டுக்கு வரட்டுமா?" என்றால் ஏதாவது சாக்குச் சொல்ல வேண்டும். படித்து மனிதனாகட்டும் என்று அனுப்பிய இடத்தில் முதல் பாடமாக நான் அவனுக்கு இதையா சொல்லிக் கொடுப்பது?

நிற்க. இதோடு நிறுத்தியிருந்தால் நான் பெரிய நியாயவான் என்று என்னையே மெச்சிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் ஒரு பழைய வாடிக்கையாளர் வந்தார். வசதியுள்ளவர். அதே பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை அதிக வாடகைக்கு எடுத்து, முறையாகக் குடியேறி, மகனைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். அவர் எழுதிய விலாசம் உண்மையான விலாசம். சட்டமும் அவர் பக்கம். ஆனால் அந்தத் தெருவில் வீட்டு வாடகை உயர்ந்து, அதைக் கொடுக்க மாட்டாத பழைய குடும்பம் ஒன்று வெளியேறியிருந்தால், அந்தப் பிள்ளையும் தன் நாற்காலியை இழந்ததுதானே? வெள்ளி உள்ளவன் மெய் பேசியே வாங்கிக்கொள்கிறான். இல்லாதவனுக்குப் பொய் பேசினால்தான் கிடைக்கும் என்றிருக்கிறது. பின்னவனை மட்டும் குற்றவாளி என்று சொல்ல என் நாவு கூசுகிறது. இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. பொய் பொய்தான் என்று நான் நின்றுகொண்டேன். ஆனால் என் மச்சானின் யோசனையைப் பற்றி அன்றிலிருந்து நான் கடுமையாகப் பேசுவதில்லை.

பெயர் பெற்ற பள்ளி என்னும் மோகம் பினாங்கில் நேற்றுப் பிறந்ததன்று. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816 இல் தொடங்கியது. 1928 இல் அந்தப் பள்ளியே பட்டணத்தின் நெரிசலை விட்டு கிரீன் லேனுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடமே நல்ல வட்டாரம் தேடிப் போயிருக்கிறதென்றால் தகப்பன்மார்களைக் குறை சொல்வானேன்! இப்போது மோகம் இன்னும் கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021 இலும், பி.டி.3 தேர்வை 2022 இலும் எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் பிள்ளையின் கையில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மதிப்பெண் தாள் இருந்தது. அதைக் கொண்டு நாம் பிள்ளையை அளந்தோம். அது நல்லதோ கெட்டதோ, அளவுகோல் போனதும் பெற்றோர் பள்ளியின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். டப்பாவின் மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்துச் சரக்கு வாங்குகிறவர்களைக் கண்டு நாம் கடையில் உள்ளுக்குள் சிரிப்பதுண்டு.

பிறகு வீடு பார்த்தோம். புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இரட்டைமாடி வீடு, முன்னால் இரண்டு மாமரம்; உம்மாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பக்கத்துப் பள்ளியைப் பற்றியும் நல்ல பேச்சு. அதே வாடகைக்கு ஜெலுத்தோங்கில் கிடைத்தது மூன்று சிறிய அறைகள் உள்ள அடுக்குமாடி வீடு. அருகிலுள்ள பள்ளி நல்லதென்றும் கெட்டதென்றும் ஒருவரும் சொல்லவில்லை. 1985 இல் திறந்த பாலம் 13.5 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் கிடையாது. செலவுக் கணக்குப் போட்டால் மாமரத்து வீடே லாபம். நானும் அதற்கே முடிவு செய்து, மகனிடம் சொன்னேன். அவன் வீட்டையோ பள்ளியையோ பற்றிக் கேட்கவில்லை. "கடையைச் சாத்திட்டு நான் தூங்குறதுக்கு முன்னாடி வந்துடுவீங்களா வாப்பா?" என்றான்.

காலை ஏழு மணிக்குக் கடை திறக்க வேண்டும், இரவு ஒன்பதுக்குச் சாத்த வேண்டும். அதன் பிறகு பாலம், மழை வேறு. நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அன்றிரவு மனைவியிடம் பேசினேன். கடைமாடியில் வாழ்ந்தவரை, பகலெல்லாம் பிள்ளைகள் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டான்; தப்பாய்ப் போட்டால் அரிசி வாங்க வந்தவர்கூடத் திருத்தினார். அது ஒரு பள்ளிக்கூடம் என்று அப்போது எனக்குத் தெரியாது. உம்மாவின் மாமர ஆசைக்கு மனம் நொந்துதான் ஜெலுத்தோங் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். உம்மா மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தச் சாதாரணப் பள்ளிக்கு விசாரிக்கப் போனபோதுதான் ஒரு காரியம் தெரிந்தது. அங்கே தமிழ்ப் பாடம் இல்லை. 1996ஆம் வருஷத்துக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். இடைநிலைப் பள்ளிக்கும் அதுவே. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதவும் செய்யலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தேசியப் பள்ளிகளில் மலாய் மொழியில் படிக்கிறார்கள். அதில் தவறொன்றுமில்லை; நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் என் மகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் எழுதும் இந்தக் கட்டுரையை அவனுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். அவனுடைய பாட்டனார் எழுதிய பேரேடு அவனுக்கு வெறும் கிறுக்கல்.

பெயர் பெற்ற பள்ளியில் எல்லாம் முன்னரே அமைந்திருக்கலாம். அங்கே என் மகன் எண்ணிக்கையில் ஒருவன். அவன் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். இங்கேயோ அவன் பதினைந்தில் ஒருவன். அவன் வராவிட்டால் பதினான்கு பேரின் கோரிக்கை பதினான்காகவே நின்றுபோகும். பள்ளியைத் தேடிய இத்தனை மாதமும் அது என் பிள்ளைக்கு என்ன தரும் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் போவதால் அந்தப் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கடை வைக்க இடம் பார்க்கும்போது நாம் அதையல்லவா கேட்போம், இந்தத் தெருவில் என்ன இல்லை, நாம் என்ன கொண்டுபோய் வைக்கலாம் என்று! பிள்ளையை என் கொள்கைக்குப் பலியிடுகிறேனோ என்ற அச்சமும் இல்லாமலில்லை. அந்தப் பள்ளியில் கணக்கோ அறிவியலோ மட்டமாயிருந்தால் நான் வெட்கப்படாமல் மாற்றுவேன். அப்போது சரியான விலாசத்தோடு மாற்றுவேன்.

விண்ணப்பத் தாளில் இன்றுவரை 11 பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் நம்மவர்கள் நான்கு பேர். மீதி ஏழு பேர் இந்துச் சகோதரர்கள். அவர்களில் ஒரு லோரிக்காரர் தாமே வந்து கையொப்பமிட்டு, இன்னும் இருவரை அழைத்து வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். ஜெலுத்தோங் பக்கம் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள சகோதரர்கள் யாராவது இருந்தால் கடைக்கு வரலாம். தாள் கல்லாப் பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இரண்டரை மணிக்குக் கடை திறந்துவிடும்.