மாலையும் தண்ணீர்ச் செம்பும்

தொண்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யாரும் குறுக்கே நின்று கேள்வி கேட்காத தொண்டு. பசித்தவனுக்குச் சோறு போடுகிறோம். கண் தெரியாத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறோம். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். 'ஏன் செய்தாய்?' என்று கேட்பார் இல்லை. இன்னொன்று, கை நீளும்போதே மனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்து, 'இது தர்மந்தானா?' என்று கேட்கிற தொண்டு. கடல் கடந்து போய் முகாமிட்டிருக்கும் பட்டாளத்துச் சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும் செய்கிற ஊழியம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நான் யுத்தத்தை வெறுக்கிறவன். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் ஒன்றும் வேண்டியதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து கதை எழுதுகிறவன் யுத்தத்தை வெறுப்பது மிகவும் எளிது. கேள்வி அதற்கு அப்பால் இருக்கிறது. யுத்தத்தை வெறுக்கிறவன், யுத்தம் செய்யப் போகிறவனுக்கு ஒரு கோப்பை காப்பி கொடுக்கலாமா? அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் துணை நிற்கலாமா?

இதற்கு இரண்டு பேர் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். 'கொடுக்க வேண்டும், அவன் நம்மைக் காக்கிறவன்' என்பார் தேசபக்தர். 'கூடாது, நீ கொடுக்கும் காப்பியில் ரத்தம் கலந்திருக்கிறது' என்பார் சாந்தவாதி. இரண்டு பேரிடமும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இரண்டு பேருமே அவசரக்காரர்கள் என்று தோன்றுகிறது. இருவரும் யுத்தத்தைப் பார்க்கிறார்கள். காப்பிக்குக் கை நீட்டுகிறவனைப் பார்க்கவில்லை.

அவனைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டாவது உலக யுத்தம் 1945-இல் முடிந்த பிறகும் அமெரிக்கப் பட்டாளம் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தங்கிவிட்டது. அடுத்த வருஷமே மனைவி மக்களும் கப்பலேறிப் பின்னால் போகத் தொடங்கினார்கள். புது ஊர், கடைக்காரன் பேசுகிற பாஷை புரியாது, கணவன் பயிற்சிக்கென்று பல நாட்கள் வெளியே போய்விடுவான், நடு ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் கொதிக்கும். அப்போது கதவைத் தட்டி ஓடிவருகிறவள் அடுத்த வீட்டுக்காரி. அவளும் ஒரு சிப்பாயின் மனைவிதான். புதிதாக வந்திறங்கிய குடும்பத்துக்குப் பாத்திரம் பண்டம் இரவல் கொடுப்பதும், பிரசவத்துக்குத் துணை இருப்பதும், துக்கச் செய்தி வந்த வீட்டில் போய் உட்கார்ந்திருப்பதும் இப்படிப்பட்ட பெண்கள் தாமாக எடுத்துக்கொண்ட வேலைகள். 1965-இல் அமெரிக்க ராணுவம் இதற்கென்று முறையான ஓர் அமைப்பை ஏற்படுத்தியபோதும், அதைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத இந்தப் பெண்களே.

இன்னொரு தொண்டு உண்டு. ஊரில் தாய் சாகக் கிடக்கிறாள். மகன் எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிறான். குடும்பத்தார் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தெரிவிக்கிறார்கள். சங்கத்தார் டாக்டரிடம் விசாரித்து, உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டு, அவனுடைய மேலதிகாரிக்குச் செய்தி அனுப்புகிறார்கள். லீவு கொடுப்பதா இல்லையா என்பது அதிகாரியின் பொறுப்பு. ஆனால் பெற்றவளின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பதற்கு முதல் கதவைத் திறந்துவிடுவது அந்தச் செய்திதான்.

குழந்தையின் ஜுரத்துக்குக் கொடி கிடையாது. தாயின் மரணத்துக்குக் கட்சி கிடையாது. இந்த இடங்களில் சாந்தவாதியும் வாயை மூடிக்கொள்வார் என்று நம்புகிறேன். ஆனால் துப்பாக்கியோடு ரயிலேறி யுத்தத்துக்குப் போகிறவன் விஷயம்?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்த் பிளாட் என்று ஓர் ஊர். அக்காலத்தில் சுமார் 12,000 பேர் வாழ்ந்த சின்ன ரயிலடி ஊர். 1941 டிசம்பர் 17-ஆம் தேதி, நெப்ராஸ்காவைச் சேர்ந்த தங்கள் பிள்ளைகளின் படைப்பிரிவு அந்த வழியே ரயிலில் போகப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பலகாரமும் பழமும் சிகரெட்டும் கடிதங்களுமாக ஊரே ஸ்டேஷனில் திரண்டது. ரயில் வந்தது. உள்ளே இருந்தவர்கள் கான்ஸாஸ் மாநிலத்துப் பையன்கள்! படைப்பிரிவின் பெயர்தான் ஒன்று, பிள்ளைகள் வேறு. கொண்டுவந்த கூடைகளோடு பெண்கள் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். பிறகு ஒருத்தி கொடுக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள்.

மறுநாளே ரே வில்சன் என்ற இருபத்தாறு வயதுப் பெண், கடை ஒன்றில் வேலை பார்த்தவள், 'இதை ஏன் தினமும் செய்யக்கூடாது?' என்ற யோசனையைப் பத்திரிகைக்கு எழுதியனுப்பினாள். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கியது, 1946 ஏப்ரல் 1 வரை நடந்தது. ரயில் நிற்பது பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து நிமிஷம். அதற்குள் காப்பி, ரொட்டி, வேகவைத்த முட்டை, பிறந்தநாள்காரன் எவனாவது இருந்தால் அவனுக்கு ஒரு முழு கேக். சுற்று வட்டாரத்துச் சிற்றூர்கள் நூற்றுக்கு மேல் முறைவைத்து வந்து பரிமாறின. சுமார் 60 லட்சம் பேர் அந்த ஸ்டேஷனில் இறங்கி ஏறினார்கள் என்பது கணக்கு.

கதை எழுதுகிறவனாகிய எனக்கு அந்த 60 லட்சத்தைவிட, கூடையோடு நின்ற அந்த ஒரு கணந்தான் பெரிதாகத் தெரிகிறது. 'என் பிள்ளை' என்று வந்த தாய், 'யார் பெற்ற பிள்ளையோ' என்று கையை நீட்டிய கணம் அது. மனித தர்மம் அந்த ஒரு கணத்தில் ஓரடி நகர்ந்தது.

இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டால் கண் கலங்கும். கண் கலங்கும்போதுதான் புத்தி விழித்திருக்க வேண்டும். அந்த ரயில்களில் போனவர்களில் சிலர், 1945 மார்ச்சில் டோக்கியோவின்மேல் நெருப்பு மழை பொழிந்த விமானங்களில் ஏறியிருக்கக் கூடும். அந்த ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் வெந்து மடிந்தார்கள். கேக் செய்தவளுக்கு அதில் பங்கு உண்டா, இல்லையா?

'இல்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி ஒருவர் செய்து வைத்திருக்கிறார். அவர் காந்திஜி.

1914 ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்ட சில நாட்களில் அவர் லண்டனில் வந்து இறங்கினார். அங்கிருந்த இந்தியர்களைச் சேர்த்து, காயம்பட்ட சிப்பாய்களைப் பராமரிக்கும் தொண்டர் படை ஒன்றை அமைத்தார். சுமார் எண்பது பேர் முதலுதவிப் பயிற்சி பெற்றார்கள். சரோஜினி நாயுடு அப்போது லண்டனில் இருந்தார். பெண்கள் கழகம் ஒன்றின் சார்பில் சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார். வெட்டிய துணிகளைக் கட்டுக்கட்டாக காந்திஜியிடம் கொடுத்துத் தைத்துத் தரச் சொன்னார். அவரும் நண்பர்களும் தைத்துக் கொடுத்தார்கள்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து நண்பர்கள் தந்தி அடித்துக் கேட்டார்கள், இது அஹிம்சைக்கு அடுக்குமா என்று. 'நான் சுடவில்லையே, கட்டுத்தானே போடுகிறேன்' என்று அவர் பதில் சொல்லியிருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்போம். அவர் சொல்லவில்லை. கொள்ளைக்கூட்டத்துக்கு மூட்டை தூக்குகிறவனும், காவல் நிற்கிறவனும், காயத்துக்கு மருந்து போடுகிறவனும் கொள்ளைக்காரனோடு சமமான குற்றவாளிகளே என்று பிற்பாடு 'சத்திய சோதனை'யில் பச்சையாக எழுதி வைத்தார். ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. அந்த நாளில் எழுதிய ஒரு கடிதத்தில் இன்னொன்றையும் சொல்கிறார்: லண்டனுக்கு வருகிற உணவு கடற்படையின் பாதுகாப்பில் வருகிறது, ஆகவே அந்த உணவைச் சாப்பிடுவதே யுத்தத்தில் பங்கு கொள்வதுதான்.

இந்த இடத்தில்தான் சாந்தவாதி நண்பரிடம் எனக்கு வழக்கு. கேக் செய்தவளுக்குப் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லைக்கு உள்ளே நிம்மதியாகத் தூங்குகிற நமக்கு? பட்டாளத்துக்கென்று வரி கட்டுகிற நமக்கு? தொண்டு செய்யாமல் இருந்துவிட்டால் கை சுத்தமாகிவிடுமா? பாபத்தில் எல்லோருக்கும் பங்கு இருக்கும்போது, அதிலே ஒருத்தி எழுந்து ஒரு பசித்தவனுக்குச் சோறு போட்டால், அவளை மட்டும் பிடித்துக் கூண்டில் நிறுத்துவது என்ன நியாயம்?

ஆயினும் தேசபக்தர் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அவர் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது.

அதே 1914-இன் முடிவில் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்து அரண்மனையை இந்தியச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். மதத்தையும் சாதியையும் அனுசரித்து ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். இப்படி ஓர் உபசாரம் எங்கே கிடைக்கும்! படமெடுத்தார்கள், தபால் அட்டையாக அச்சிட்டுப் பரப்பினார்கள். ராஜாங்கத்தின் கருணைக்கு அது விளம்பரமாயிற்று. ஆனால் அதே ஊரில் கிச்சனர் பெயரால் விளங்கிய இன்னோர் இந்திய ஆஸ்பத்திரியில், நோயாளிகள் இஷ்டப்படி வெளியே போகாதபடி காவலும் முள்வேலியும் இருந்தன. காயம் ஆறியவர்களில் பலரை மறுபடியும் போர்முனைக்கே அனுப்பினார்கள். அன்போடு கட்டுப் போட்ட கைகளும் அங்கே இருந்தன; அந்த அன்பைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்ட கைகளும் இருந்தன. இரண்டும் ஒன்றல்ல.

இந்த வித்தியாசத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது நேட்டால். 1899-இல் போயர் யுத்தம் தொடங்கியபோது, காந்திஜியின் மனம் போயர்கள் பக்கம் இருந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் பிரஜை என்ற கடமையை எண்ணி, காயம்பட்டவர்களைச் சுமக்கும் இந்தியர் படை ஒன்றைத் திரட்டினார். மொத்தம் சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறத்தாழ 300 பேர்தாம் சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் நேட்டாலின் கூலிகளில் பெருந்தொகையினர். ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவனுக்கு வருஷம் 3 பவுன் தலைவரி என்று 1895-இலேயே சட்டம் செய்த ராஜ்யம் அது. அந்த ராஜ்யத்தின் சிப்பாய்களைத்தான் இவர்கள் டோலியில் வைத்து ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் சுமந்தார்கள். யுத்தப் பதக்கம் படையின் தலைவர்களுக்குக் கிடைத்தது. தோள் கொடுத்த கூலிக்குப் பதக்கம் வரவில்லை.

1920 ஆகஸ்டில் காந்திஜி தம் பதக்கங்களை அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். சுமந்த சுமையை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? ரத்தம் ஒழுகிக்கொண்டு கிடந்த ஒருவனை, பெயர் தெரியாத ஒரு தமிழன் பாறையிலும் பள்ளத்திலும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தானே, அது அந்த ராஜ்யத்தின் நியாய அநியாயத்தோடு கலக்காமல் தனியே நிற்கிறது.

ஆகவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். மாலை வேறு, தண்ணீர்ச் செம்பு வேறு. மாலை காரியத்துக்குப் போடுவது. செம்பு தாகத்துக்குக் கொடுப்பது. மாலை போடுமுன் 'நீ என்ன செய்துவிட்டு வந்தாய்?' என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். செம்பை நீட்டும்போது கேட்க வேண்டியது, 'தாகமா?' என்ற ஒன்றுதான். தேசபக்தர் செம்புக்குள் மாலையைப் போட்டுக் கொடுக்கிறார். சாந்தவாதி மாலையை மறுக்கிற வேகத்தில் செம்பையும் கவிழ்த்துவிடுகிறார்.

வெள்ளைக்காரன் கதையாகவே பேசிக்கொண்டிருந்தால் இதெல்லாம் சுலபம். நம் வாசலுக்கு வருவோம். 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போயிற்று. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியச் சிப்பாய்களின் துப்பாக்கிக்கு நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் பலியானார்கள். படைக்கும் ஏறத்தாழ 1,200 உயிர்கள் நஷ்டம். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் கட்சி. தேசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களை அவமதித்தார் என்று எதிர்க் குரலும் எழுந்தது.

மாலையை மறுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். செத்தவர்களுக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கப்பலில் இறங்கியவன் யார்? கார்வால் மலையிலிருந்தோ, பஞ்சாபிலிருந்தோ உத்தரவின் பேரில் போனவன். போன இடத்தில் பாஷை தெரியாமல், எதிரி யார், ஏழை யார் என்று புரியாமல், தோழனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியவன். மதராஸ் ரெஜிமெண்டுப் பிள்ளைகளும் போயிருந்தார்கள். தமிழ் பேசுகிற மண்ணில் தமிழ் பேசுகிறவனே துப்பாக்கி ஏந்தி நின்றான். அவன் வீட்டில் மூன்று வருஷமாகத் தபால்காரனைக் கண்டாலே நடுங்கிய ஒரு தாய் இருந்தாள். அவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் உண்டா?

உண்டு என்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அதே செம்பு, ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் முகாமுக்கும் போக வேண்டும். 1983 முதலே படகேறி வந்து, அந்த முகாமில் கிடந்த யாழ்ப்பாணத்து அகதிகளின் தாகத்துக்கும் அது உதவ வேண்டும். துறைமுகத்துக்கு மட்டும் போகிற செம்பு, மாலையின் இன்னொரு வேஷம். மண்டபத்துக்கு மட்டும் போகிற செம்பிலும் கொஞ்சம் பகை கலந்திருக்கும். இரண்டு இடத்துக்கும் நடக்கிற கால்கள் வலிக்கும். இரண்டு பக்கத்தாரும் ஏசுவார்கள். வலியும் ஏச்சும் இல்லாமல் இந்தத் தொண்டைச் செய்ய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும் தொண்டு செய்ய எண்ணுகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். செய்யுங்கள். 'என் கை சுத்தம்' என்று சொல்லிக்கொள்ளாமல் செய்யுங்கள். நீங்கள் கொடுத்ததைக் காட்டி, ராஜாங்கம் தான் கொடுக்க வேண்டிய பென்ஷனையும் வைத்தியத்தையும் மறந்துவிட இடம் கொடாதீர்கள். அவன் செய்ததைப் பற்றி யாராவது கண்ணீரோடு கேள்வி கேட்டால், 'நான் இவனுக்குத் தண்ணீர் கொடுத்தேனே' என்று அந்த வாயை அடைக்காதீர்கள். கேட்டவருக்கும் உட்கார இடம் கொடுத்து, சொல்வதைக் கேளுங்கள். அவருக்கும் தாகமாகத்தான் இருக்கும்.