கீறலும் பிசினும்

பாகூர், வில்லியனூர் பகுதிச் சிற்றூர்களில் கருவேல மரத்தையோ முருங்கையையோ உற்று நோக்கினால், பட்டை வெடித்த இடத்தில் பிசின் திரண்டு நிற்பதைக் காணலாம். மாடு மேய்க்கும் சிறுவர் கருவேலம் பிசினைப் பெயர்த்து வாயிலிட்டுச் சுவைப்பர். அவர்களுக்கு அது தின்பண்டம். நாட்டு மருத்துவருக்கு அது மருந்து. மரத்திற்கு அது என்ன?

மரத்திற்கு அது காயத்தின் கட்டு. பட்டையில் வெட்டு விழுந்தால் பூச்சியும் பூஞ்சையும் உள்ளே புகும். அவற்றைத் தடுக்கவே மரம் பசையைச் சுரந்து புண்ணை மூடுகிறது. கருவேலம் பிசின் நீரில் கரையும். நீரில் கரையாத குங்கிலிய வகைகளும் உண்டு. இவ்விரு தன்மையும் எண்ணெயும் கலந்தவையே சாம்பிராணி வகையைச் சேர்ந்த வாசனைப் பிசின்கள். தன்னைக் காத்துக்கொள்ள மரம் செய்த மருந்தை நாம் நமக்கு மருந்தாக்கிக்கொண்டோம்.

திருமறையும் இப்பிசின்களை அறியும். கிலயாதின் பிசின் மருந்தைத் தேடி எரேமியா புலம்பினார் (8:22). ஞானியர் பாலன் இயேசுவுக்குச் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் காணிக்கையாக்கினர் (மத் 2:11). நிக்கதேம் ஆண்டவரின் அடக்கத்திற்கு வெள்ளைப்போளம் கொண்டுவந்தார் (யோவா 19:39). அந்த வெள்ளைப்போள மரத்தின் இனத்தைச் சேர்ந்த செடி ஒன்று நம் நாட்டில் இராசசுதான், குசராத்து வறண்ட நிலங்களில் வளர்கிறது. அதன் பிசினே குக்குலு.

சுஸ்ருத சம்ஹிதை குக்குலுவைக் கொழுப்பு மிகுந்த நோய்க்கு மருந்தாகச் சொல்கிறது. அந்தப் பழங்குறிப்பைத் தடமாகப் பற்றி, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்யவதி முயல்களைக் கொண்டு ஆராய்ந்து 1966-இல் தம் ஆய்வேட்டை அளித்தார். இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அவ்வழியே சென்று, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தொன்றை 1980-களில் உருவாக்கியது. நம் முன்னோரின் அறிவுக்கு அறிவியல் தந்த மதிப்பு இது, மகிழத்தக்கதே.

ஆனால் செய்தி அத்துடன் முடியவில்லை. 2003-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 103 பேர் எட்டு வாரங்கள் அதில் பங்கேற்றனர். குக்குலு உட்கொண்டோருக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றே கூடியது. இதற்கிடையில் தேவை பெருகப் பெருகச் செடிகள் ஆழமாகக் கீறப்பட்டன. விரைவில் மிகுதியாகப் பிசின் வடிய வேதிப்பொருளும் இடப்பட்டது. அவ்வாறு கீறப்பட்ட செடிகள் பட்டுப்போயின. 2015-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் குக்குலுவைச் சேர்த்தது. பயன் ஐயத்திற்குரியதாயிற்று, காயம் மட்டும் உறுதியாக நின்றது.

நம் பீடத்திற்குரிய சாம்பிராணியின் நிலையும் வேறன்று. எரித்திரியாவின் சாம்பிராணி மரங்களைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கீறப்படாத மரங்களின் விதைகளில் 80 விழுக்காட்டிற்கு மேல் முளைத்தன. கீறப்பட்டு வந்த மரங்களின் விதைகளில் ஏறத்தாழ 15 விழுக்காடே முளைத்தன. தன் புண்ணை ஆற்றவே ஆற்றலைச் செலவிடும் மரத்திற்குப் பிள்ளைகளைப் பேண ஆற்றல் எஞ்சுவதில்லை.

இதைப் படித்தபோது என் பழைய மறையுரை ஒன்று என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன், பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பெரிய வெள்ளியன்று பேசினேன். "கீறப்பட்ட மரமே மணம் தரும், துன்பப்படும் உள்ளமே இறைவனுக்கு நறுமணப் பலி" என்றேன். வழிபாடு முடிந்ததும் நடவு வேலை செய்யும் கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். "சாமி, மூணு மாசமா என் கூலியப் புடிச்சி வச்சிருக்கறவரும் முன்னாடிதான் உக்காந்திருந்தாரு. நீங்க சொன்னதுக்கு நல்லாத் தலையாட்டினாரு" என்றார். நான் வாயடைத்து நின்றேன்.

நான் சொன்னது பொய்யா? அன்று. ஆனால் அதை யார் சொல்கிறார் என்பதில் அறம் அடங்கியுள்ளது. தம் துன்பம் வீணாகவில்லை என்று துன்புற்றவர் கூறினால் அது சாட்சியம். கீறியவர் கூறினால் அது வெறும் சாக்கு. கீறியவருக்குச் செவி குளிர அதைக் கூறும் குருவும் கத்தியைப் பிடித்தவரே. ஆண்டவர் தம் உயிரைத் தாமாகவே கொடுத்தார் (யோவா 10:18). அவர் காயங்களால் நாம் நலமடைந்தோம் என்பதால் ஆணி அடித்தவர் செயல் அறமாகிவிடவில்லை.

அப்படியானால் மரத்தைக் கீறவே கூடாதா? அறுவை மருத்துவரும் கீறுகிறாரே என்று கேட்கலாம். அவர் கீறுவது கீறப்படுபவரின் நலனுக்காக. மரத்தைக் கீறுவது நம் நலனுக்காக. ஆகவே அங்கே நாம் கடனாளிகள். கடனாளிக்கு வரம்பு உண்டு: கீறல் ஆழமாகாதிருக்க வேண்டும், ஆறுவதற்குக் காலம் தர வேண்டும், எடுத்த இடத்தில் கன்று நட வேண்டும். ஏழாம் ஆண்டில் நிலத்திற்கே ஓய்வு தரச் சொன்ன சட்டம் (லேவி 25) இதைத்தான் கற்பித்தது. உழைப்பவரின் கூலிக்கும் இதே நீதிதான்.

வில்லியனூர் லூர்து அன்னையிடம் நலம் தேடி நோயுற்றோர் வருகின்றனர். அங்கும் நம் கோவில்களிலும் தூபம் எழும்பும். தூபக்கலத்தில் சாம்பிராணி இடும் ஒவ்வொரு முறையும் எனக்கு இப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது எந்த மரத்தின் காயம்? அந்த மரம் ஆறியதா? அப்பெண்மணியின் கூலியைப் பற்றியும் அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். மறுவாரந்தான் கேட்டேன். அந்த ஒரு வாரம் இன்னும் என் மனத்தில் ஆறாமல் இருக்கிறது.