பதிலாள்

திருத்தந்தை கொர்னேலியுஸ் 251 வாக்கில் அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் உரோமைத் திருச்சபையின் ஆள்கணக்கு ஒன்று வருகிறது. குருக்கள் 46. திருத்தொண்டர்கள் 7. துணைத் திருத்தொண்டர்கள் 7. பீடத்துணைவர்கள் 42. பேயோட்டுவோர், வாசிப்போர், வாயில் காப்போர் எல்லாம் சேர்த்து 52. அந்தக் கடிதத்தை யூசேபியுஸ் தம் வரலாற்று நூலில் எடுத்து வைத்ததால் நம் கைக்கு வந்தது.

அந்த 42 பேரிடம்தான் மனம் போய் நிற்கிறது. ஏறக்குறைய குருவுக்கு ஒருவர். இன்று பீடத்தில் உதவும் பிள்ளைகளைப்போல் அவர்கள் சிறுவர்கள் அல்லர். திருச்சபை அமர்த்திய பணியாளர்கள். உரோமை ஆயர் தம் பூசையில் ஒப்புக்கொடுத்த அப்பத்தின் துண்டுகளை ஞாயிறுதோறும் நகரின் மற்றக் கோயில்களுக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். 416-இல் முதலாம் இன்னொசென்ட் எழுதிய கடிதம் இதைச் சொல்கிறது. தொலைவில் இருக்கும் கோயில்களுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும் சொல்கிறது. பிற்காலத்துச் சடங்கு நூல்களில் அதே பணியாளர்கள் துணிப்பைகளை ஏந்திப் பீடத்தருகே நிற்கிறார்கள். அப்பத்தைப் பிடுவதற்கு முன்னால் அந்தப் பைகளில்தான் போட்டு வைப்பார்கள். பேச்சு குறைவு, சுமப்பது அதிகம்.

*

பீடச் சிறுவர்களின் பாதுகாவலர் தார்சிசியுஸ். படங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நெஞ்சோடு எதையோ இறுக்கிப் பிடித்திருப்பான். ஆனால் அவரைப் பற்றி நமக்கிருக்கும் பழைய சான்று, நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசுஸ் பாடிய கல்லறைக் கவிதை ஒன்றுதான். நற்கருணையைச் சுமந்து போனவர், அதை விட்டுக்கொடுக்காமல் அடிபட்டுச் செத்தவர் என்கிறது. வயதைச் சொல்லவில்லை. திருத்தொண்டரான ஸ்தேவானோடு ஒப்பிடுவதால் தார்சிசியுசும் திருத்தொண்டராக இருந்திருக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவரைச் சிறுவனாக உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது, கர்தினால் வைஸ்மன் 1854-இல் எழுதிய 'ஃபாபியோலா' நாவல். அதிலிருந்து 1868-இல் ஃபால்கியேர் செய்த பளிங்குச் சிலை பாரீஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது: தரையில் சாய்ந்து கிடக்கும் பையன், மார்பில் சேர்த்த கைகள்.

வளர்ந்த ஒருவருடைய சாவைக்கூடப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிட்டோமோ என்று தோன்றுகிறது. அவர் திருநாளோ ஆகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்பு, சுதந்திர தினக் கொடியேற்றம், மிட்டாய். தார்சிசியுசை யார் நினைப்பார்கள்?

*

பையன் எப்படி உள்ளே வந்தான்? பீடத்துணைவர் பட்டம் மெல்லமெல்லக் குருத்துவத்துக்கு ஏறும் படிகளில் ஒன்றாகிவிட்டது. ஏறியவர் அதில் நிற்பதில்லை, தாண்டிப் போனார். இன்னொரு பக்கம் மடங்களில் குருக்கள் பெருகி, ஆளுக்கொரு பூசை என்றானது. பதில் சொல்ல ஆளில்லாமல் குரு தனியே பூசை செய்யக் கூடாது என்பது விதி. பட்டம் பெற்ற ஆளுக்கு எங்கே போவது? கைக்கெட்டிய பிள்ளையை நிறுத்தினார்கள். திரிதெந்து சங்கம் 1563-இல் இதைச் சரிசெய்யப் பார்த்தது. இந்தச் சிறு பட்டங்களின் வேலையை அந்தந்தப் பட்டம் பெற்றவர்களே செய்யட்டும், ஆள் கிடைக்காவிட்டால் நல்லொழுக்கமுள்ள மணமானவர்களையாவது வையுங்கள் என்றது. ஏட்டில் நின்றுபோயிற்று. பையன்தான் நிலைத்தான்.

சிறுவயதில் அப்படிப் பீடத்தில் நின்ற என் பெரியப்பாவுக்கு இப்போதும் இலத்தீன் பதில்கள் வரும். பொருள் தெரியாது, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது தெரியும். காணிக்கைக்குப் பிறகு வரும் நீளமான பதிலில் நடுவில் முணுமுணுத்துக் கடைசிச் சொல்லை மட்டும் உரக்கச் சொல்வாராம். "சாமியாரும் கண்டுக்க மாட்டாரு." அவருக்குப் பின்னால் சனங்கள் தங்கள்பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். கோயில் கொள்ளாத கூட்டத்துக்கும் சேர்த்து, புரியாத மொழியில், ஒரு பத்து வயதுப் பிள்ளை பதில் சொன்ன காலம் அது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. சனங்களே பதில் சொன்னார்கள். பிள்ளைக்குக் கையில் இருக்கிற வேலை மட்டும் மிஞ்சியது.

*

அந்த வேலையை உற்றுப் பார்க்கிறேன். இரசமும் தண்ணீரும் வைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிகள். கைப்பிடி சாமியார் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்ட வேண்டும். யாரோ ஒரு அண்ணன் சொல்லிக்கொடுத்திருப்பான். அப்புறம் விரல் கழுவத் தண்ணீர்: ஒரு கையில் கிண்ணம், மறு கையில் குப்பி, துண்டு மணிக்கட்டில். தூபக்கலசத்துக்குக் கரி பிடிக்கவில்லையென்றால் வெளியே போய் ஊதிக்கொண்டு வருவார்கள், கண் சிவந்திருக்கும். சாமியார் காணிக்கைகளின்மேல் கைகளை விரிக்கும்போது மணி ஒருமுறை. அதுவரை கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டிருந்த பையனின் முதுகு அந்த நொடிக்குச் சற்று முன்பே நிமிர்ந்துவிடுகிறது. செபிக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இன்னொருவருடைய கையை இத்தனை நேரம் கண்ணெடுக்காமல் பார்க்க எனக்கு வராது.

*

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஆண் எவரும் இல்லாதபோது, தகுந்த காரணத்தோடு, ஒரு பெண் பூசைக்குப் பதில் சொல்லலாம். ஆனால் தொலைவில் நின்றுகொண்டு. பீடத்தை நெருங்கவே கூடாது. குரல் போகலாம், ஆள் போகக் கூடாது. பீடத்துணியைத் துவைத்துக் கஞ்சி போட்ட கைகள் யாருடையவை என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 1994-இல்தான் வத்திக்கான் சுற்றறிக்கை, அந்தந்த ஆயர் விரும்பினால் பெண்பிள்ளைகளும் பணி செய்யலாம் என்று தெளிவாக்கியது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பீடத்துணைவர் என்ற முறையான பணியையே பெண்களுக்குத் திறந்தார்.

*

எழுதாமல் விடக் கூடாத ஒன்று. பல நாடுகளில் வெளிவந்த பாலியல் கொடுமைகளில் பாதிக்கப்பட்டோர் பலர் பீடச் சிறுவர்கள். அங்கி மாட்டும் அறையின் கதவு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே பெரியவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். பக்தியைக் காரணம் காட்டி இதில் சலுகை கேட்பவர்களை நான் நம்புவதில்லை.

*

பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். டியூஷன். விடியற்காலைப் பூசைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று பங்குச் சாமியார் ஞாயிறுதோறும் பெற்றோரிடம் முறையிடுகிறார். எனக்கு அவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பீடத்தில் உதவுகிறவர் சிறுவராய்த்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பென்ஷன் வாங்குகிறவர்கள் முன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். குப்பியைத் திருப்பி நீட்ட எங்களாலும் ஆகும். முழங்கால் போட்டு எழுவதுதான் கொஞ்சம் சிரமம். அதற்கு முக்காலியைப் பிடித்துக்கொள்ளலாமா என்றும் கேட்க வேண்டும்.