மரநிழலும் மனவமைதியும்

நகர வாழ்வில் அமைதி எங்கே கிடைக்கும்? இவ்வினாவை நாம் அடிக்கடி எழுப்புகின்றோம். விடுமுறை வந்தால் உதகைக்கோ ஏற்காட்டிற்கோ சென்று அமைதி பெற்று வரலாம் என்று கருதுகின்றோம். திரும்பிய மறுநாளே பேருந்து நெரிசலும் அலுவலகப் பணியும் கைப்பேசியின் ஓசையும் அதனைப் பறித்துக்கொள்கின்றன. அவ்வாறு பறிபோவது உண்மையான அமைதிதானா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

சென்னையில் எங்கள் வீட்டு வாயிலில் ஒரு புங்கமரம் இருந்தது. கோடைத் தொடக்கத்தில் பழைய இலைகளை உதிர்த்து, பளபளக்கும் தளிர் கொள்ளும். அதனை அடுத்துச் சிறு பூக்கள் பொரி இறைத்தாற்போல் நிலமெங்கும் கிடக்கும். நாங்களோ அவற்றைக் குப்பை என்றே கண்டோம். நாள்தோறும் பெருக்க வேண்டியுள்ளதே என்று சலித்தோம். மரத்தை வெட்டிவிடலாமா என்றும் வீட்டில் பேசினோம்.

ஒருநாள் மாலை மின்தடை. புழுக்கம் தாங்காது வாயிலுக்கு வந்து நின்றோம். அணில் ஒன்று கிளையில் ஏறி இறங்கியது. பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. செய்வதற்கு வேறொன்றும் இன்மையால் பார்த்துக்கொண்டே நின்றோம். மின்சாரம் வந்த பின்னரும் உள்ளே செல்லத் தோன்றவில்லை. அன்றைய கவலை தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அதன் பாரம் குறைந்திருந்தது. அதுமுதல் காலையில் சில நிமிடங்கள் மரத்தடியில் நிற்பது வழக்கமாயிற்று.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. எங்கள் புங்கமரமும் வேரோடு சாய்ந்தது. மறுநாள் வாயிலில் நின்றபோது வானம் வெறுமையாய்த் தோன்றியது, மனம் கலங்கியது. அப்போதுதான் ஓர் ஐயம் எழுந்தது. மரம் இருந்தால் அமைதி, மரம் போனால் கலக்கம் எனில், அதுவும் ஒரு பற்றுத்தானே? பொருளைப் பற்றும் மனம் மரத்தைப் பற்றியது, அவ்வளவுதானோ?

ஆழ்ந்து நோக்கின் விடை கிடைக்கும். அன்று மாலை அணில் எங்களுக்காக ஓடவில்லை. பூவும் எங்களுக்காக உதிரவில்லை. நாங்களும் அவற்றிடம் எதனையும் வேண்டவில்லை. 'எனக்கு' என்னும் எண்ணம் சற்றே ஓய்ந்த அந்நிலையே அமைதி. மரம் அதற்கு வாயிலாயிற்று. அவ்வாறு காணக் கற்ற கண், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றையும், அந்தியில் இலை மடிக்கும் தூங்குமூஞ்சி மரத்தையும் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையிலேயே கண்டு அமைதியுறும்.

அவ்வாறாயின், எந்த மரம் வீழ்ந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கூடாது. பற்றின்மை வேறு, பாராமுகம் வேறு. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். நிழல் தருகின்றது என்பதற்காக மட்டுமே மரத்தைப் போற்றுவோர், அதன் சருகு தொல்லையானால் கோடரியைத் தேடுவர். நாங்களே தேடினோம் அன்றோ? அதுவும் வாழ விழையும் ஓர் உயிர் எனக் கண்டவரே அதனைக் காப்பர்.

மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு புங்கங்கன்று நட்டோம். இன்று அது வளர்ந்து நிழல் தருகின்றது, சருகும் உதிர்க்கின்றது. பெருக்கும்போது சலிப்பு அறவே வருவதில்லை என்று சொல்ல மாட்டோம். வரும்போது துடைப்பத்தை நிறுத்திச் சற்றே நிமிர்ந்து பார்க்கின்றோம்.

அன்பர்களே! மலைக்குச் செல்லும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டா. நாளைக் காலை வாயிலில் சில நிமிடங்கள் நின்று, எதனையும் வேண்டாது பார்ப்போமாக.