பொறியின் சொல்லும் எமது பொறுப்பும்

பிறர் சொல்லை நம்பாது மனிதர் ஒருநாளேனும் வாழ்தல் இயலாது. வைத்தியர் தந்த குளிகையை ஆராய்ந்து பார்த்து விழுங்குவோர் எவருமிலர். புகையிரதம் எத்தனை மணிக்கு என்று நிலையத்தில் நின்றவரைக் கேட்டு, அவர் சொன்னதை ஏற்று இருந்துவிடுகிறோம். ஆகவே நம்புதல் தகுமா என்ற கேள்விக்குப் பொருளில்லை. எவரை நம்புகிறோம், எதன்பொருட்டு நம்புகிறோம், நம்பிக்கை பிழைத்தால் நட்டம் எவருடையது என்ற கேள்விகளே எஞ்சுகின்றன. இவற்றுள் இறுதியானதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அண்மையில் நாமே மறந்த கதையொன்றை இங்கு எழுதுகிறோம்.

ஆசிரியர் சங்கக் கிளையொன்றின் பத்திரங்களை ஒழுங்குசெய்யும் பணி எம்மிடம் வந்தது. கூட்டறிக்கைகள், சந்தாப் பற்றுச்சீட்டுகள், இடமாற்றம் பற்றிய முறைப்பாடுகள், அங்கத்தவர் பட்டியல்கள் என, கறையான் தின்றது போக எஞ்சியவை நான்கு பெட்டிகள். இவற்றைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றி, வேண்டியபோது தேடியெடுக்கத்தக்கதாக வைக்க விரும்பினோம். வெளிநாட்டுப் பெருநிறுவனம் ஒன்றின் களஞ்சியத்தில் ஒப்படைக்க எவருக்கும் மனம் ஒப்பவில்லை. எமது அறையில், எமது கணினியில், எமது பொறுப்பில் இயங்கும் மென்பொருளே வேண்டுமென ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இது வீண் அச்சம் அன்று. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் பங்குகொண்ட ஏறத்தாழ நாற்பதாயிரம் ஊழியர் வேலையிழந்த நாடு இது. யார் யார் வேலைக்கு வரவில்லை என்ற பெயர்ப் பட்டியல் எவ்வளவு கனமானதென்பதை அக்குடும்பங்கள் அறியும். முறைப்பாடு எழுதிய ஆசிரியை தம் பெயரைச் சங்கத்தை நம்பித் தந்தாரேயன்றி உலகுக்குத் தரவில்லை. மறுபுறம், கையில் வைத்திருப்பதனாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடும் என்பதும் மயக்கமே. 2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசின் சொந்தக் கணினிக் களஞ்சியம் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச அலுவலக மின்னஞ்சல்கள் மீட்க இயலாவண்ணம் போயின. அக்காலப் பகுதிக்கு வேறு பிரதி எடுத்து வைக்கப்படவில்லை. அரசுக்கே இந்நிலையெனின் நான்கு பெட்டிக்காரர் எம்மாத்திரம்!

எம்முள் கணினி வல்லுநர் எவருமிலர். வல்லுநருக்குக் கொடுக்கப் பணமுமில்லை. ஆகவே செயற்கை நுண்ணறிவுப் பொறி ஒன்றிடம் தமிழிலேயே கேட்டோம். அது 'மாயன்', 'டொக்ஸ்பெல்', 'பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ்' என மூன்றைக் கூறி, எம்போன்ற சிறு குழுவுக்கு இறுதியானதே ஏற்றதென்றது. அந்த ஆலோசனை நல்ல ஆலோசனையே. பேப்பர்லெஸ் என்பது தனியொருவர் ஆக்கி எல்லோர்க்கும் இலவசமாக விட்ட மென்பொருள். 2020இல் வேறொருவர் அதனைப் புதுக்கினார். 2022இல் அவர் கையிலிருந்தும் மாறி, ஒரு குழுவினரின் கூட்டுழைப்பாக இன்றைய பெயருடன் தொடர்கிறது. படத்திலுள்ள எழுத்தை வாசிக்க அது பயன்படுத்தும் 'டெசரக்ட்' என்ற கருவியோ 1980களில் ஹியூலற்-பக்கார்ட் கம்பனியில் உருவாகி, 2005இல் பொதுவுடைமையாக விடப்பட்டது. அக்கருவிக்குத் தமிழும் தெரியும். ஆயின் தமிழைப் பயன்படுத்துமாறு நாமாக அமைத்துவைக்காவிடில் ஆங்கில எழுத்தாகவே எல்லாவற்றையும் வாசித்துக் குப்பையாக்கும். இதனையும் பொறி சரியாகவே எச்சரித்தது. பழைய எழுத்து வடிவில் 'லை'யும் 'றா'வும் வரும் சுற்றறிக்கைகளில் கருவி தடுமாறியது வேறு கதை.

பொறி இன்னொன்றும் கூறிற்று. ஆவணங்கள் யாவும் மறைக்குறியாக்கப்பட்டே, அஃதாவது திறவுச்சொல் இல்லாதவர் வாசிக்க இயலாதவாறே, வன்தட்டில் வைக்கப்படும்; கணினி பிறர் கைக்குப் போயினும் கவலை வேண்டாம் என்றது. நாம் கவலையை விட்டோம். இரண்டு பெட்டிகள் ஏற்றியும் விட்டோம்.

பின்னர் எம்முள் இளையவரான ஓர் ஆசிரியை, வேறெதையோ தேடப்போய், அம்மென்பொருளின் கைந்நூலில் எழுதியிருந்ததைக் கண்டார். ஆவணங்கள் மறைக்குறியாக்கமின்றித் திறந்தபடியே வைக்கப்படுகின்றன. நம்பிக்கைக்குரியதல்லாத கணினியில் இதனை இயக்கலாகாது என்று அங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எமது கணினி இருந்த அறைக்கோ மூன்று பேரிடம் சாவி உண்டு; அம்மூவரில் ஒருவர் யாரென்பது இன்றுவரை தெளிவில்லை.

பொறி பொய்யைக் கற்பனை செய்ததா? முழுவதும் அவ்வாறன்று. முதலாவது பேப்பர்லெஸில் ஆவணங்களைத் திறவுச்சொல்லால் பூட்டும் வழியொன்று இருந்தது. பின்வந்தோர் அதனைக் கைவிட்டனர். பழைய எழுத்துகள் இன்னும் எங்கெங்கோ கிடக்கின்றன. சொல்லுக்குப் பின் எச்சொல் வரத்தக்கது என்பதைக் கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து பயின்ற பொறிக்கு, இறந்த உண்மைக்கும் இன்றைய உண்மைக்கும் வேறுபாடு தானாகத் தோன்றுவதில்லை. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லும்.

இவ்விடத்துப் பழைய தருக்க நூலார் கருத்தொன்று நினைவுக்கு வருகிறது. அவர்தம் சமய முடிபுகளோடு நாம் உடன்படவேண்டுவதில்லை. காண்டல், கருதல், உரை என அறிவுக்கு வாயில்கள் வகுத்த அவர்கள், உரையை எவரிடமிருந்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆப்தன் சொல்லே அளவை என்றனர். ஆப்தன் யார்? நியாய சூத்திரத்துக்கு உரைகண்ட வாற்சாயனர், பொருளை நேரே அறிந்தவனாயும், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்த விரும்புபவனாயும் இருப்பவன் என்கிறார். அதற்குமேல் அவர் கூறுவதுதான் வியப்பானது: இவ்விலக்கணம் முனிவர்க்கும் ஆரியர்க்கும் மிலேச்சர்க்கும் பொதுவாம். சாதியும் தகுதியும் பாராத இவ்வளவுகோலை நாம் தயங்காது எடுத்தாளலாம். பொறி அந்நியமானது என்பதற்காக அதனைத் தள்ளவேண்டியதில்லை. அது எமது அறையையும் காணவில்லை, கைந்நூலின் இன்றைய பக்கத்தையும் காணவில்லை. எமக்கு உண்மை தெரியவேண்டும் என்ற விருப்பமும் அதற்கில்லை. வாற்சாயனர் கேட்ட இரண்டும் அங்கே இல்லை.

வலைத்தளங்களைத் தேடிப் பார்த்து விடைதரும் பொறிகளும் இன்று உண்டென்பர். உண்மையே. அவை காட்டும் பக்கத்தை நாம் திறந்து வாசிப்போமாயின் அது பெரும் உதவி. வாசியாது விடின், பக்கம் காட்டப்பட்டது என்பதே இன்னொரு மயக்கமாகும்.

ஆயினும் எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக்கழிக்க எம்மால் இயலவில்லை. அதனை எழுப்பியவர் எமது குழுவில் மூத்த ஆசிரியர். 'கைந்நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனை வாசிக்கக்கூடியவர் எம்முள் இருவர். பொறி தமிழில் பேசுகிறது, இரவு பதினொரு மணிக்கும் பேசுகிறது, மடையன் என்று நினைக்காமல் பத்துத் தடவை விளக்குகிறது. இதுகாறும் ஆங்கிலங் கற்றவனிடம் கைகட்டி நின்றோமே, அவன் சொன்னதெல்லாம் சரியாகவா இருந்தது?' என்று கேட்டார். இதற்கு நேரான மறுமொழி எம்மிடமில்லை. அறிவு சிலருடைய உடைமையாயிருந்த சமுதாயத்தில், கேட்டவர்க்கெல்லாம் விடை சொல்லும் கருவியை இழித்துரைத்தல் வசதியுள்ளோர்க்கே எளிது. அந்தப் பொறியின்றி நாம் இப்பணியைத் தொடங்கியேயிருக்க மாட்டோம்.

ஆனால் ஆங்கிலங் கற்ற அந்த மனிதர் தவறு சொன்னால் மறுநாள் அவர் வீட்டுப் படலையைத் தட்டலாம். 2023இல் நியூயோர்க்கில், பொறி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மன்றில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு ஐயாயிரம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர், அத்தீர்ப்பு மெய்யானதா என்று அதே பொறியிடமே கேட்டிருந்தார். மெய்யே என்று அது கூறிற்று! தண்டம் பொறிக்கு விதிக்கப்படவில்லை. 2024இல் கனடாவில் எயர் கனடா நிறுவனம், தனது உரையாடற் பொறி பயணியொருவருக்குச் சொன்ன தவறான கட்டண விபரத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடிப் பார்த்தது. நியாயசபை அதனை ஏற்கவில்லை. பொறியை நிறுத்தியவரே அதன் பொறுப்பிலிருந்து நழுவ முயலும்போது, கேட்டவரிடமே சுமை வந்து சேர்கிறது.

இலவச மென்பொருளும் உத்தரவாதம் தருவதில்லையே எனலாம். பேப்பர்லெஸின் உரிமப்பத்திரமே எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று கூறுகிறது. ஆனால் அதே குழுவினர் தம் மென்பொருளின் குறையைத் தாமே கைந்நூலில் எழுதிவைத்தனர். நிரல் முழுவதும் எவரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. எமக்கு எச்சரிக்கை தந்தவர் அவர்களே. நாம்தான் அங்கே போகவில்லை.

ஏன் போகவில்லை என்று எம்மையே கேட்டுக்கொண்டபோது வெட்கமே மிஞ்சியது. பத்திரங்களைப் பிறர் கையில் கொடுக்கலாகாதென்று தீர்மானம் நிறைவேற்றிய நாம், அத்தீர்மானத்தை நிறைவேற்றும் தீர்ப்பறிவை முழுவதும் பிறர் கையில் கொடுத்துவிட்டோம். அதுவும் எமது பொருளைப் பணயம் வைத்தல்ல. ஒருவர் தம் சொந்தக் கடிதங்களோடு எத்துணிவும் கொள்ளலாம். முறைப்பாடு எழுதிய ஆசிரியை எமது பொறியைக் கேட்கவுமில்லை, நம்பவுமில்லை. அவர் நம்பியது எம்மை.

இப்பொழுது வன்தட்டு முழுவதையும் மறைக்குறியாக்கி, திறவுச்சொல்லை இருவர் வைத்திருக்கிறோம். பிரதியொன்று வாரந்தோறும் வேறு வீட்டுக்குப் போகிறது. பொறியிடம் கேட்பதையும் விடவில்லை. ஆனால் அது சொன்னதைக் கைந்நூலில் பார்த்தவர் தம் பெயரைக் கூட்டறிக்கையில் எழுதிக் கையொப்பமிடவேண்டும் என்று விதித்துக்கொண்டோம். முதற் கையொப்பம் அவ்விளைய ஆசிரியையுடையது. அங்கத்தவர் பட்டியல்கள் பற்றி மட்டும் முடிவெட்டவில்லை. உயிரோடிருக்கும் அங்கத்தவர்களைக் கண்டு கேட்டபின்னரே ஏற்றவேண்டும் என்பார் சிலர்; அத்தனை பேரைத் தேடிப் போவதெப்படி என்பார் சிலர். இதுவரை பதினொருவரைக் கண்டிருக்கிறோம். பட்டியல்கள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன.