காவல் ஏறும் குருவி

அய்யா துணை.

கொடுங்கையூர் குப்பைமேடு 300 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம் அது. ஆனால் அங்கும் தர்மம் நடக்கிறது.

பொழுது விடிந்ததும் காகங்கள் வருகின்றன. இரை கண்ட காகம் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு தின்பதில்லை. கரைந்து கூட்டத்தை அழைக்கிறது. அழைத்ததனால் அதற்கு நஷ்டமா? இல்லை. தனியாகத் தின்னும் பறவை ஒவ்வொரு கொத்துக்கும் தலையைத் தூக்கி ஆபத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் பல கண்கள் பார்க்கின்றன. ஆகவே ஒவ்வொன்றும் பயமின்றி உண்ணுகிறது. பகிர்ந்த இரை பாதுகாப்பாகத் திரும்பி வருகிறது.

குடியிருப்புத் தெருக்களில் தவிட்டுக்குருவிகளைப் பாருங்கள். ஏழெட்டாகச் சேர்ந்து திரிவதால் ஏழு சகோதரிகள் என்றும் பேர். கூட்டம் தரையில் சருகைப் புரட்டி பூச்சி தேடும்போது ஒரு குருவி மட்டும் முருங்கைக் கிளையிலோ மதில்மேலோ ஏறி உட்கார்ந்திருக்கும். அது தின்னாது, காவல் இருக்கும். பூனையோ வல்லூறோ வந்தால் குரல் கொடுக்கும். சற்று நேரத்தில் வேறொன்று ஏற, முதல் குருவி இறங்கி இரை தேடும்.

முதலில் ஏறுவது யார்? இஸ்ரேலின் பாலைவனத்தில் இதே வகைக் குருவிகளை ஆராய்ந்தவர்கள், சில பறவைகளுக்குக் கூடுதலாக இரை கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்த குருவியே அதிக நேரம் காவல் இருந்தது. பசித்ததை மேலே ஏற்றிவிட்டு, நிறைந்தது கீழே தின்றுகொண்டிருக்கவில்லை.

அன்பர்களே, அய்யா வைகுண்டர் காட்டிய வழியும் இதுதான். எளியவரை உயர்த்துவதே தர்மம் என்று அய்யா போதித்தார். சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரை எடுக்கச் செய்தார். துவையல் தவசில் சுமார் 700 குடும்பங்கள் கடற்கரையில் ஒன்றாகத் தங்கி, அரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி, ஒருவேளை உணவை ஒன்றாக உண்டன. ‘எனக்கு மட்டும்’ என்பது கலியின் குரல். அந்தக் குரல் அங்கே அடங்கியது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் புயல் மழையிலும் வடசென்னையின் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் நின்றது. மாடி உள்ளவர் கீழ்வீட்டாரை ஏற்றிக்கொண்டார். அடுப்பு எரிந்த வீடு அடுத்த வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தது. தண்ணீர் வடிந்ததும் கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. மழைக்கு மட்டும் வருவதா தர்மம்? குப்பைமேட்டில் சாக்குத் தோளில் போட்டு இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறவர் வீட்டில் மழை இல்லாத நாளிலும் உலை கொதிக்காமல் இருக்கலாம். அவர் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கலாம். அதைப் பார்க்க ஒரு கண் வேண்டாமா?

வயிறு நிறைந்தவர் முதலில் ஏறட்டும். ‘இவன் நாளை எனக்குத் தருவானா’ என்று கணக்குப் பார்த்து உட்காருவது காவல் ஆகாது, அது வியாபாரம்.

வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஒரே குருவி நாள் முழுதும் காவல் இருப்பதில்லை, முறை மாறுகிறது. கொடுக்கக் காசு இல்லையென்று எவரும் ஒதுங்க வேண்டாம். முதியவருக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும், வேலைக்குப் போன தாயின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் காவல்தான். அன்னதர்மத்தில் முதல் பந்தியில் உண்டவர் இரண்டாம் பந்திக்கு இலை போட்டால், அவர் முறை வந்துவிட்டது. வாங்கியவர் தலை குனிய வேண்டியதில்லை. அவரும் ஏறிக் காக்க ஒரு கிளை இருக்கிறது.

இன்று மாலை தாங்கலில் நாமம் இட்டுத் திரும்பும்போது, வழியில் எந்த வீட்டில் விளக்கு இல்லை என்று பாருங்கள். அங்கே கதவைத் தட்டுவதும் பணிவிடையே.

அய்யா உண்டு.